கழுத்துச் சீட்டில் தொடங்கும் வம்சங்கள்

1858 மார்ச் 10ஆம் தேதி செமிராமிஸ் என்ற கப்பல் இருநூறு கைதிகளோடு அந்தமானுக்கு வந்து சேர்ந்தது. காவலுக்கு ஐம்பது கடற்படையினர், ஒரு மேற்பார்வையாளர், இரண்டு இந்திய மருத்துவர்கள். பொறுப்பதிகாரி ஜே. பி. வாக்கர், அதற்கு முன் ஆக்ரா சிறையை நிர்வகித்தவர். முந்தைய ஆண்டு வட இந்தியாவைக் குலுக்கிய கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கல்கத்தா அரசு கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தொடங்கி, நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்து, 1796இல் கைவிடப்பட்ட பழைய குடியேற்றம் ஒன்று வங்கக் கடலுக்கு நடுவில் இருப்பது அப்போது நினைவுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இருவர் அறிமுகமானால் மூன்றாவது கேள்விக்குள் 'சொந்த ஊர் எது?' என்பது வந்துவிடும். போர்ட் பிளேரில், இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு பிரிவினரிடம் இதைக் கேட்டால் 'இந்தத் தீவுதான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அரசும் ஊராரும் அவர்களை 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். 1858 முதல் 1942 வரை கப்பல்களில் இறக்கப்பட்ட கைதிகளின் வழி வந்தவர்கள். தீவுக்கு வெளியே அவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது என்பதில் ஐயமில்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம், என்ன வழக்கு என்பதைத் தேடிப் போனால் சிறை அதிகாரி எழுதிய காகிதத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதம் வியக்கத்தக்க அளவுக்கு விவரமானது. ஒருவரைக் கப்பலேற்றும் முன் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், உடலில் உள்ள தழும்புகள், மச்சங்கள், பிறந்த ஊர், மாவட்டம், குற்றம், தண்டனை எல்லாம் ஒரு பட்டியலில் ஏறும். தப்பி ஓடினால் அடையாளம் காண வேண்டும் என்பதுதான் நோக்கம். இதற்கு முந்திய தலைமுறை அதிகாரிகள் காகிதத்தை நம்பவில்லை. தீவாந்தர தண்டனை பெற்றவரின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். அந்த வழக்கம் 1849இல் சட்டப்படி ஒழிந்தது. அந்தமான் திறக்கும்போது நெற்றியின் இடத்தைப் பதிவேடும் கழுத்துச் சீட்டும் எடுத்துக்கொண்டிருந்தன.

கழுத்துச் சீட்டு என்பது கைதி கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டிய மரத்துண்டு. அதில் அவருடைய எண், தண்டிக்கப்பட்ட சட்டப்பிரிவு, தண்டனை பெற்ற தேதி, விடுதலையாகும் தேதி. தீவில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதைவிட எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதே நடைமுறை. முதல் ஆண்டே வந்த துத்நாத் திவாரி என்ற சிப்பாய் இன்றும் வரலாற்று நூல்களில் '276ஆம் எண் கைதி' என்றே வருகிறார். பேரன் காலத்தில் தாத்தாவைத் தேட உதவுவதும் அந்த எண்தான். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்; எண் ஒருவருக்குத்தான்.

ஆனால் முதலில் வந்தவர்களில் எத்தனை பேர் தாத்தாக்கள் ஆனார்கள்? காடு வெட்டும் வேலை, மலேரியா, சங்கிலி, சவுக்கு. காட்டைத் தாண்டினால் பர்மாவோ ஏதோ ஒரு ராஜாவின் நாடோ வரும் என்று நம்பி, வந்த சில வாரங்களிலேயே கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். சிலர் தீவின் பூர்வகுடிகளின் அம்புக்கு இரையானார்கள், சிலர் பட்டினியால் செத்தார்கள், சிலர் திரும்பி வந்து பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களில் 86 பேரை வாக்கர் தூக்கிலிட்டார். கல்கத்தா அரசே இதைக் கண்டித்து, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. அறிஞராகவும் கவிஞராகவும் பெயர் பெற்ற ஃபஸ்லே ஹக் கைராபாதி 1861இல் இங்கேயே இறந்தார். 1857 கிளர்ச்சிக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தீவில் சந்ததி உண்டாவதற்கு முன்பே சாவு வந்துவிட்டது.

சந்ததி உண்டாவதற்கு ஒரு நெடிய ஏணி இருந்தது. 1900 வாக்கில் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் காலத்து விதிகள் இப்படிப் போகின்றன: முதல் ஆறு மாதம் செல்லுலார் சிறையில் தனியறை. அடுத்த ஒன்றரை ஆண்டு சிறைக்குள்ளேயே மற்றவர்களோடு வேலை. பிறகு மூன்று ஆண்டு வெளியே கும்பல் வேலை. அதற்குப் பின் ஐந்தாண்டு கொஞ்சம் கூலியோடு, கொஞ்சம் சலுகையோடு உழைப்பு. இப்படிப் பத்தாண்டு ஒழுங்காகக் கழிந்தால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். அதன் பிறகு அவர் 'செல்ஃப் சப்போர்ட்டர்'. தனக்கென்று ஒரு துண்டு நிலம், ஒரு குடிசை, மாடு கன்று. ஊரிலிருந்து மனைவியை வரவழைக்கலாம், அல்லது தீவிலேயே மணம் முடிக்கலாம். இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து முழு விடுதலையும் கிடைக்கலாம்.

மணம் முடிக்கப் பெண்கள்? 1901 வாக்கில் தீவில் சுமார் 12,000 கைதிகள் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் ஆயிரத்துக்கும் குறைவு. கணவனையோ குழந்தையையோ கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் கணிசம். இளம் விதவைக்குப் பிறந்த சிசுவின் மரணத்தை அன்றைய நீதிமன்றங்கள் எந்தத் தலைப்பில் எழுதின என்பது வேறு கதை. பெண்கள் சிறையில் ஐந்தாண்டு கழித்தவர் மணம் செய்துகொள்ளலாம். அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் ஆணுக்கு வரிசையில் நிற்கும் பெண்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தருவார்கள். அந்தப் பெண்ணும் சம்மதிக்க வேண்டும். பிறகு அதிகாரிகள் விசாரிப்பார்கள். மதம் ஒன்றுதானா? ஊர் வழக்கப்படி இந்த மணம் செல்லுமா? ஆணுக்கு ஊரில் மனைவி இருக்கிறாளா?

சாதியைப் பற்றிய விசாரணைதான் அடிக்கடி தடுமாறியது. பஞ்சாபிலிருந்து வந்த ஆணும் வங்காளத்திலிருந்து வந்த பெண்ணும் தங்கள் சாதி என்று சொல்லும் பெயர்களை எந்தத் தராசில் நிறுப்பது? ஆயிரம் மைல் தள்ளி நடந்த சங்கதியைச் சரிபார்க்க ஆளில்லை. சொன்னதே பதிவானது. பதிவானதே அடுத்த தலைமுறைக்குச் சாதியானது. அப்படியும் மாகாணம் கடந்த கலப்புகள் பெருகி, ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் கேட்காத விஷயமாகச் சாதி மங்கியது. வீட்டுக்குள் தகப்பன் மொழி ஒன்று, தாய் மொழி ஒன்று. குழந்தைகள் பேசியது பாளையத்திலும் கடைத்தெருவிலும் புழங்கிய இந்துஸ்தானி. செல்ஃப் சப்போர்ட்டர்களின் ஆண்பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி கட்டாயமாக இருந்தது. இந்தியாவின் பல மாவட்டங்கள் அதைக் கனவிலும் காணாத காலம் அது.

இந்தக் குடும்ப உருவாக்கத்தை உள்ளேயிருந்து எழுதியவர் அபூர்வம். தானேசரைச் சேர்ந்த முகம்மது ஜாஃபர் அப்படி ஒருவர். 1864இல் அம்பாலாவில் நடந்த வஹாபி வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, அது தீவாந்தரமாக மாற்றப்பட்டு, 1866 ஜனவரியில் போர்ட் பிளேர் வந்தார். படித்தவர் என்பதால் எழுத்தர் வேலை கிடைத்தது. மற்றவர்களின் வாழ்க்கை ஏறும் பதிவேடுகளை எழுதிய கைகள் பலவும் இப்படிக் கைதிகளின் கைகள்தாம். தீவிலேயே மணந்து, பிள்ளைகள் பெற்று, 1883இல் விடுதலையாகிக் குடும்பத்தோடு திரும்பிய ஜாஃபர் உருதுவில் எழுதிய தன்வரலாறு 'காலா பானி' என்ற பெயரில் இன்றும் படிக்கப்படுகிறது. அவருடைய பிள்ளைகளுக்கு வம்சக் கதை அச்சிலேயே கிடைத்தது. மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மௌனம். கொலைக்காகவும் கொள்ளைக்காகவும் வந்த தகப்பன் அதைப் பிள்ளைக்குச் சொல்ல என்ன அவசியம்?

மௌனம் இருக்கும் இடத்தில் கதை வளரும். லோக்கல் பார்ன் குடும்பங்கள் பலவற்றில் முன்னோர் 1857 கிளர்ச்சி வீரர் என்ற நினைவு உண்டு. சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எண்பத்து நான்கு ஆண்டுகள் வந்த கப்பல்களில் பெரும்பங்கு சாதாரணக் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். 1857இன் ஆட்களோ முதல் சில ஆண்டுகளிலேயே மாண்டு குறைந்தவர்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்பதால் அந்தக் குடும்பங்களைக் குறை சொல்வதற்கில்லை. உலகின் மிகப் பெருமைக்குரிய வம்சாவளிகள் சிலவும் இதே வழியில்தான் எழுதப்பட்டன.

இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1066 அக்டோபரில் நார்மண்டிப் பிரபு வில்லியம் கடல் தாண்டி வந்து ஹேஸ்டிங்ஸில் வென்றார். போர் நடந்த இடத்தில் அவர் கட்டிய மடத்தில், கூட வந்த வீரர்களின் பட்டியல் ஒன்று தொங்கியதாகச் சொல்வார்கள். மூலப் பட்டியல் தொலைந்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அச்சான பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தங்கள் முன்னோர் பெயரும் இருக்க வேண்டும் என்று விரும்பிய குடும்பங்களுக்காகப் பெயர்கள் சேர்க்கப்பட்டன என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. சமகாலச் சான்றுகளால் உறுதியாகும் பெயர்கள் சில பத்துகளைத் தாண்டாது. ஆனால் நார்மன் வழி வந்தோம் என்று சொல்லிக்கொண்ட ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இதை ஆராய்பவர்கள் முதலில் புரட்டுவது அந்த வீரப் பட்டியலை அல்ல. 1086இல் வரி போடுவதற்காக எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கை. வில்லியம் மாலெட் என்பவர் ஹேஸ்டிங்ஸில் இருந்தது உறுதி. அவர் மகன் ராபர்ட் சஃபோக்கில் எவ்வளவு நிலம் வைத்திருந்தார் என்பது அந்தக் கணக்கில் வரி வரியாக இருக்கிறது. அங்கே வரிக்காரர் ஏடு. இங்கே சிறைக்காரர் ஏடு. வென்றவனின் பேரனும் தண்டிக்கப்பட்டவனின் பேரனும் கடைசியில் அரசு தன் தேவைக்கு எழுதிய கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நார்மன் குடும்பங்கள் தங்கள் பெயரை ஊர்ப்பெயர்களோடு ஒட்டிவைத்தன. ஷெப்டன் மாலெட், ஸ்டோக் மாண்டவில் போன்ற ஊர்ப்பெயர்களின் பின்பாதி அப்படி வந்தது. அந்தமானில் அதிகாரிகளின் பெயர் ஊரானது. விம்பர்லிகஞ்ச், ஸ்டூவர்ட்கஞ்ச், ஃபெரார்கஞ்ச், காடல்கஞ்ச் என்ற கிராமங்கள் கண்காணிப்பாளர்களையும் ஆணையர்களையும் நினைவில் வைத்திருக்கின்றன. நிலத்தைத் திருத்தியவர்களின் பெயரில் ஊர் இல்லை.

விதிவிலக்கு உண்டு. 1921 மலபார் கலகத்துக்குப் பின் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளைமார் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னர் குடும்பங்களும் வந்தன. தெற்கு அந்தமான் வரைபடத்தில் மஞ்சேரி, திரூர், வண்டூர், மலப்புரம், மண்ணார்காடு, காலிகட் என்று வரிசையாக வருவதைப் பார்த்தால் வரைபடத்தை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று தோன்றும். தனியாளாக வந்து இறங்கிய கைதிக்கு இது வாய்க்கவில்லை. ஒரே வட்டாரத்திலிருந்து, ஒரே மொழியோடு, ஒரே காரணத்துக்காகக் கூட்டமாக வந்தவர்கள் ஊரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பேரனுக்குத் தன் வேர் எந்த மாவட்டம் என்று கண்டுபிடிக்கப் பதிவேடு தேவையில்லை.

இருபதுகளில் வந்த வேறு இரண்டு கூட்டங்களும் அப்படியே. ஐக்கிய மாகாணத்தில் குற்றப்பரம்பரையாக முத்திரை குத்தப்பட்ட பாந்து சமூகத்தினர் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டு ஃபெரார்கஞ்ச், காடல்கஞ்ச் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் என்றால் என்ன என்று பிரமலைக் கள்ளர்களுக்கும் பெருங்காமநல்லூருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாந்துக்களைத் தீவுக்கு அனுப்பியதும் அதே சட்டத்தின் கைதான். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து மத்திய அந்தமானின் மாயாபந்தர் அருகே வேபி கிராமத்தை உண்டாக்கின. அவர்கள் கைதிகள் அல்லர், காட்டு வேலைக்கு வந்தவர்கள்.

சென்னை மாகாணத்துக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு நீளமானது. அந்தமானுக்கு முன்பே இங்கிருந்து தீவாந்தரம் போனார்கள். பாளையக்காரர் போர் முடிந்தபின் 1802இல் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் அவர்களில் ஒருவர். 1825 முதல் சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் பெரிய கூடமானது. அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் எழுப்பியவை. 1873இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறை மூடப்பட்டபோது மிச்சமிருந்தவர்களைப் போர்ட் பிளேருக்கு மாற்றினார்கள். இப்படி வந்தவரைத் தேடும் குடும்பம் இரண்டு கடல்களைக் கடக்க வேண்டும்.

பிற்காலத்தில் கைதிகளை ஏற்றிய மகாராஜா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டது. 1911 ஜூனில் சாவர்க்கர் ஏறியது இங்கேதான். 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்டதும் தீவாந்தர தண்டனையே. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, அவர் கோவையில் செக்கிழுத்தார், கண்ணூரிலும் சிறையிருந்தார், கப்பலேறவில்லை. அந்தமான் என்றதும் நம் மனதில் வருவது இந்த அரசியல் கைதிகளின் முகங்கள். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை 1979 பிப்ரவரி 11ஆம் தேதி தேசிய நினைவிடமானது. நடுக் கோபுரத்தில் அரசியல் கைதிகளின் பெயர்கள் மாகாணவாரியாகக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தண்டனை முடிந்து ஊர் திரும்பியவர்கள். தீவில் அவர்களுக்கு வம்சம் இல்லை. தீவில் வம்சம் வைத்தவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. சிறையைக் கட்டச் செங்கல் சுமந்தவர்களும் அவர்கள்தான்.

இத்தனை பேர் வந்திறங்கிய மண்ணில் ஏற்கெனவே வம்சங்கள் இருந்தன. கிரேட் அந்தமானியர் என்று இன்று அழைக்கப்படும் பத்து இனக்குழுக்கள் எந்தக் கப்பலிலும் வராதவை. 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 625 பேர், 1931இல் 90, 1961இல் 19. குடியேற்றத்தோடு வந்த நோய்கள்தாம் பெரும் காரணம். பத்துக் குழுக்களின் மிச்சம் ஒன்றாகக் கலந்து, 2011 கணக்கில் 44 பேராக நிற்கிறது. போ மொழியைப் பேசிய கடைசி மனுஷியான போவா 2010 ஜனவரியில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் தன் மொழியில் பேச எதிராளி இல்லாமல், கைதிகள் உருவாக்கிய இந்தியிலேயே மற்றவர்களோடு பேசினார். தீவின் மூத்த குடியும் நேற்று வந்த குடியும் ஒரே சிறைப் பாளையத்தின் மொழிக்குள் வந்து சேர்ந்தார்கள்.

1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள். மூன்றரை ஆண்டு ஆட்சியில் உளவாளி என்ற சந்தேகத்தில் எத்தனையோ பேர் வதைபட்டார்கள். பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் 1944 ஜனவரி 14ஆம் தேதி சிறையிலேயே இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30ஆம் தேதி, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை நிற்கவைத்துச் சுட்டார்கள். சாகடிக்கப்பட்டவர்களில் உள்ளூரில் படித்து முன்னுக்கு வந்த தலைமுறையினர் பலர். குடும்பக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்களும் அவர்கள்தாம். போர்ட் பிளேர் அலுவலகங்களில் இருந்த பழைய பதிவேடுகளிலும் பெரும்பகுதி அந்தக் காலத்தில் அழிந்தது.

1945 அக்டோபரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது கைதிக் குடியேற்றம் ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஊர் திரும்ப விரும்பியவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. பலர் போனார்கள், பலர் தங்கினார்கள். தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரும்ப ஊர் எது? 1941இல் 33,768 ஆக இருந்த மக்கள்தொகை 1951இல் 30,971 ஆகக் குறைந்தது. பிறகு வெள்ளம்போல ஏறியது. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள், ராஞ்சித் தொழிலாளர்கள், ஆந்திரக் கரையின் மீனவர்கள், தமிழ்நாட்டுக் கட்டட வேலைக்காரர்களும் வணிகர்களும். 1961இல் 63,548, 1971இல் 1,15,133, 2011இல் 3,80,581. சொந்த ஊர் இல்லாதவர்களே பெரும்பான்மையாக இருந்த இடத்தில், சொந்த ஊர் உள்ளவர்கள் பெரும்பான்மை ஆனார்கள்.

அப்போதுதான் முன்னோர் பற்றிய கேள்வி வீட்டுக்குள்ளிருந்து அலுவலகத்துக்குப் போனது. '1942க்கு முன் குடியேறியவர்கள்' என்பது நிர்வாகத்தின் வகைப்பாடாகி, அவர்களும் மாப்பிள்ளைமார், பாந்து, கரேன் சமூகங்களும் வங்காள அகதிக் குடியேறிகளும் தீவின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றார்கள். கல்லூரி இடமும் அரசு வேலையும் அந்தச் சான்றிதழோடு பிணைந்தவை. தாத்தா எப்படி வந்தார் என்று சொல்லக் கூசிய வீட்டின் பேரன், தாத்தா வந்ததை நிரூபித்தாக வேண்டும். தண்டனைக்காக எழுதப்பட்ட தேதி உரிமைக்கான தேதியாகிவிட்டது. அதைத் தாங்கிய ஏடோ உள்ளூரில் பாதி இல்லை.

உள்ளூரில் இல்லாதது வெளியூரில் இருக்கிறது. அந்தமான் நிர்வாகம் கல்கத்தாவுக்கும் சிம்லாவுக்கும் எழுதியவை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் 'போர்ட் பிளேர்' பிரிவுக் கோப்புகளாக உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர் என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் நீதித்துறை நடவடிக்கைகளைப் பார்க்க வேண்டும். சதாத்ரு சென், கிளேர் ஆண்டர்சன், அபர்ணா வைதிக் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கோப்புகளிலிருந்துதான் தனி மனிதர்களை மீட்டெடுத்தார்கள். அவற்றில் கிடைப்பது குற்ற விவரம் மட்டுமல்ல. மனைவியை அனுப்பிவைக்கச் சொல்லும் மனுக்கள், மணத்துக்கு அனுமதி கேட்பவை, விடுதலைக்கான பரிந்துரைகள், நிலத் தகராறுகள். கைதி ஒருவர் குடும்பஸ்தராக மாறிய ஒவ்வொரு படியிலும் அரசிடம் அனுமதி கேட்டாக வேண்டியிருந்ததால், அந்தப் படிகளெல்லாம் எழுத்தில் நிற்கின்றன. சுதந்திர மனிதர்களான நம் கொள்ளுத்தாத்தாக்களின் திருமணத்துக்கு இப்படி ஒரு காகிதம் கிடையாது.

நமக்கு இருப்பது வேறு. நம்மூரில் பங்காளிகள் பிரிந்து எங்கே போனாலும் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப்போய் புது ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். மூன்று தலைமுறை கழித்தும் மாசிக் களரிக்கு எந்த ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது தெரியும். வம்சத்தின் முகவரி அதுவே. விலங்கு மாட்டிக் கப்பலேற்றப்பட்டவருக்குப் பிடிமண் எடுக்க யார் அனுமதித்தார்கள்? லோக்கல் பார்ன் குடும்பங்களின் கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் தீவிலேயே தொடங்குகின்றன.

தமிழர் வந்த வழிகளில் ஒன்று இந்தத் தேடலை அடுத்த நூற்றாண்டுக்கும் நீட்டுகிறது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் உள்ள கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்களின் பாட்டன்மாரும் எண்ணோடு பயணம் செய்தவர்களே. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இலங்கைக்குப் போன கூலியாட்களுக்குத் தோட்டக் குறியீடும் வரிசை எண்ணும் பொறித்த தகரத் துண்டு தரப்பட்டது. மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்துக் கப்பலேற்றுவார்கள். கச்சாலில் பிறந்த ஒருவர் பின்னோக்கி நடந்தால் தாயகம் திரும்பியோர் அட்டை, தோட்டத்துப் பெயர்ப்பதிவு, மண்டபம், அதற்கப்பால் திருச்சியிலோ ராமநாதபுரத்திலோ சேலத்திலோ ஒரு கிராமம் என்று போக வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி மிக மோசமாக அடித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. வீட்டோடு அட்டைகளையும் கடல் கொண்டுபோன குடும்பங்களுக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தீவில் இல்லை. தாயகம் திரும்பியோரின் விவரங்களைப் பதிவு செய்த இருநாட்டு அலுவலகங்களின் கோப்புகளில்தான் அதைத் தேட வேண்டும்.